இரண்டு நெடுவரிசையில் முடியாத வேலை

கொள்முதல் மென்பொருள் பக்கம் வேலை செய்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கோரிக்கை ஒன்று உண்டு. "நம்மகிட்ட இருக்கிற பொருள் குறியீட்டை எல்லாம் ஒரு பொதுத் தரத்துக்கு மேப் பண்ணிடுங்க." கேட்பவர் மனதில் இருப்பது ஓர் எக்செல் தாள். இடது பக்கம் பழைய குறியீடு, வலது பக்கம் புதிய குறியீடு, அவ்வளவுதான். ஒரு தடவை உட்கார்ந்து நிரப்பிவிட்டால் காலத்துக்கும் ஓடும் என்ற நம்பிக்கை. அந்தத் தாளின் மேல் எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஏன் என்று சொல்வதற்குக் கையுறை ஒன்றே போதும்.

சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எச்எஸ் குறியீட்டை உலக சுங்க அமைப்பு பராமரிக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது. முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குமேல் நாடுகள் தங்கள் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும். இதில் கையுறைக்கென்று ஒரே இடம் கிடையாது. ரப்பர் கையுறை 4015. தோல் என்றால் 4203. பின்னிய துணி 6116, நெய்த துணி 6216. பிளாஸ்டிக் கையுறை 3926-க்குள் போய்விடும். பின்னிய கையுறைக்கு ரப்பர் பூச்சு கொடுத்தால்? அப்போதும் 6116-தான், 6116.10 என்ற உட்பிரிவில். பொருள் எதனால் ஆனது என்பதே இங்கு முதல் கேள்வி.

கொள்முதலில் பயன்படும் யுஎன்எஸ்பிஎஸ்சி என்ற பொருள், சேவை வகைப்பாடு வேறு வழியில் போகிறது. ஐக்கிய நாடுகள் வைத்திருந்த ஒரு குறியீட்டையும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் வைத்திருந்த ஒன்றையும் இணைத்து 1998-ல் உருவாக்கியது இது. 8 இலக்கம், இரண்டிரண்டாகப் பிரித்தால் செக்மென்ட், ஃபேமிலி, கிளாஸ், கமாடிட்டி என்று நான்கு நிலைகள். பாதுகாப்புக் கையுறை இதில் 46181504. அறுவை சிகிச்சைக் கையுறை 42132205. மருத்துவப் பரிசோதனைக் கையுறை 42132203. ரப்பரா தோலா என்பதற்கு முன்னால், யார் எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசுக் கொள்முதலில் கட்டாயமான சிபிவி என்ற வகைப்பாட்டில் வேலைக் கையுறைக்கு 18141000-9, அறுவை சிகிச்சைக் கையுறைக்கு 33141420-0. கோட்டுக்குப் பின்னால் இருப்பது சரிபார்ப்பு இலக்கம்.

மூன்றுமே அதனதன் வேலைக்குப் பொருத்தமானவை. எல்லையில் நிற்கும் சுங்க அதிகாரியால் பெட்டியைத் திறந்து பொருளைப் பார்க்க முடியும், தொட முடியும். அதை வாங்கியவர் பட்டறையில் போடப்போகிறாரா மருத்துவமனையில் போடப்போகிறாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அதனால் பொருளின் தன்மையை வைத்தே வரி. கொள்முதல் மேலாளருக்குப் பணம் எங்கே போனது என்று தெரியவேண்டும், அதனால் பயன்பாடு. சிபிவி-யின் கவலை இன்னொன்று. ஒரு நாட்டில் வெளியிடும் டெண்டரை வேறு மொழி பேசும் இன்னொரு நாட்டு விற்பனையாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வகைப்பாடுகள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். "பொதுத் தரம்" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: யாருடைய கேள்விக்குப் பொதுவானது?

சரி, கேள்வி தெளிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செலவுப் பகுப்பாய்வுக்காக எல்லாவற்றையும் யுஎன்எஸ்பிஎஸ்சி-க்கு மாற்றுகிறோம். கையில் இருப்பது எச்எஸ் 401519. 2017 பதிப்பில் இதன் பொருள், அறுவை சிகிச்சைக் கையுறை அல்லாத மற்ற ரப்பர் கையுறைகள். இதற்குள் பரிசோதனைக் கையுறையும் இருக்கலாம், ரசாயனம் கையாளும் கனமான கையுறையும் இருக்கலாம், தரை துடைப்பவர் போடுவதும் இருக்கலாம். இடது நெடுவரிசையில் ஒரு எண், வலது நெடுவரிசையில் குறைந்தது மூன்று. எதைப் போடுவது? குறியீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் வராது. கொள்முதல் ஆணையில் எழுதியிருக்கும் பொருள் விவரத்தைப் பார்த்தால் வரலாம்.

அதற்குள் பதிப்பு மாறிவிடும். 2022 பதிப்பில், அறுவை சிகிச்சைக் கையுறைக்கென்று இருந்த 4015.11 எடுக்கப்பட்டு 4015.12 வந்தது. மருத்துவம், அறுவை சிகிச்சை, பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்குமான ரப்பர் கையுறை இனி ஒரே எண்ணில். அதாவது, முன்பு அறுவை சிகிச்சைக் கையுறையை எச்எஸ் தனியாகப் பிரித்துக் காட்டியது, இப்போது காட்டுவதில்லை. யுஎன்எஸ்பிஎஸ்சி இன்னமும் காட்டுகிறது. நேற்றுவரை ஒன்றுக்கு ஒன்றாக இருந்த அட்டவணை வரி இன்று ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. கையுறையில் எந்த மாற்றமும் இல்லை. கைபேசிகளுக்கு நேர் எதிராக நடந்தது. 8517.12 என்ற ஒரே எண்ணில் இருந்தவை 2022-ல் ஸ்மார்ட்ஃபோனுக்கு 8517.13, மற்றவற்றுக்கு 8517.14 என்று பிரிந்தன. பழைய தரவில் 851712 என்று மட்டும் இருந்தால் அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. உலக சுங்க அமைப்பு பதிப்புகளுக்கு இடையே ஒப்பீட்டு அட்டவணைகளை வெளியிடத்தான் செய்கிறது. அவை எங்கே பிரிகிறது என்று காட்டும். உங்கள் கிடங்கில் இருப்பது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: மேப்பிங் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் எடுத்த தீர்ப்பு. மென்பொருள்கள் அதை வெறும் தரவாக நடத்துகின்றன. இரண்டு நெடுவரிசை, நடுவில் ஒரு சமன்குறி. தீர்ப்பு என்றால் அதற்கு ஒரு தேதி, எடுத்தவர் பெயர், காரணம், எந்தப் பதிப்பை வைத்து எடுத்தார் என்ற குறிப்பு எல்லாம் இருக்கவேண்டும். இவை இல்லாத அட்டவணையில் தவறான வரிக்கும் சரியான வரிக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி எட்டு இலக்கமாகத்தான் இருக்கும்.

சமன்குறியின் சிக்கலைப் பற்றி நூலகத் துறையும் சொற்களஞ்சியம் தொகுப்பவர்களும் எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2009-ல் பரிந்துரையாக வெளியிட்ட ஸ்கோஸ் என்ற தரத்தில் இரண்டு வகைப்பாடுகளை இணைப்பதற்குத் தனித்தனி உறவுகள் உண்டு. முழுப் பொருத்தம், கிட்டத்தட்டப் பொருத்தம், எதிரே இருப்பது இதைவிட விரிந்தது, எதிரே இருப்பது இதைவிடக் குறுகியது, ஏதோ தொடர்பு உண்டு என்று ஐந்து. எனக்கு இதில் பிடித்த நுணுக்கம் ஒன்று. முழுப் பொருத்தத்தைச் சங்கிலியாகக் கோக்கலாம்: அ என்பது ஆ-வுக்குச் சமம், ஆ என்பது இ-க்குச் சமம் என்றால் அ என்பது இ-க்குச் சமம். கிட்டத்தட்டப் பொருத்தத்தை அப்படிக் கோக்கக்கூடாது என்று தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் விலகினால் நான்காவது கண்ணியில் நீங்கள் வேறு பொருளிடம் நிற்பீர்கள்.

கொள்முதல் மென்பொருள்களில் இந்தச் சங்கிலி தினமும் நடக்கிறது. நடுவில் ஒரு பொதுத் தரத்தை வைத்துக்கொள்வது வழக்கமான வடிவமைப்பு, அதற்கு நியாயமும் உண்டு. ஆறு வகைப்பாடுகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 15 ஜோடிகள். அவற்றில் ஒன்றை மையமாக்கினால் ஐந்து அட்டவணைகள் போதும். பராமரிப்புச் செலவைப் பார்த்தால் மையம் வைப்பதுதான் சரி. ஆனால், மையம் எதைப் பிரித்துப் பார்க்கவில்லையோ அது அந்த வழியாகப் போகும்போது காணாமல் போகும். தோல் கையுறையும் பின்னிய கையுறையும் யுஎன்எஸ்பிஎஸ்சி-யின் 46181504 வழியாகப் போய் மறுபுறம் எச்எஸ்-ஆக வெளியே வந்தால், இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். அதில் குறைந்தது ஒன்று தப்பு. அதை நம்பி இறக்குமதி ஆவணம் தயாரித்தால் வரி விகிதம் மாறும். மேப்பிங்குக்குத் திசை உண்டு. அ-விலிருந்து ஆ-வுக்கு எழுதிய அட்டவணையைத் தலைகீழாக ஓட்ட மென்பொருள் அனுமதிக்கவே கூடாது என்பது என் கட்சி. நிறைய மென்பொருள்கள் தாராளமாக அனுமதிக்கின்றன.

ஆகவே மூலக் குறியீட்டை ஒருபோதும் அழிக்கக்கூடாது. பொதுத் தரத்துக்கு மாறிவிட்டோமே, பழைய புலம் எதற்கு என்று நீக்கும் ஆர்வம் ஒவ்வொரு திட்டத்திலும் யாராவது ஒருவருக்கு வரும். தரவு பரிமாற்றத் தரங்களை எழுதியவர்கள் இதில் முன்யோசனையோடு இருந்திருக்கிறார்கள். ஐரோப்பிய மின்னணு விலைப்பட்டியல் தரமான ஈஎன் 16931-ல் பொருள் வகைப்பாட்டுக் குறியீட்டோடு அது எந்த வகைப்பாடு, எந்தப் பதிப்பு என்று சொல்லவும் இடம் இருக்கிறது. ஒரே வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைப்பாடுகளையும் தரலாம். அரசுக் கொள்முதல் தரவுகளை வெளியிடுவதற்கான ஓப்பன் கான்ட்ராக்டிங் டேட்டா ஸ்டாண்டர்டிலும் முதன்மை வகைப்பாடு ஒன்று, அதற்குப் பக்கத்தில் கூடுதல் வகைப்பாடுகளுக்கு ஒரு பட்டியல். ஆக, இடம் இருக்கிறது. நம் தரவுத்தளத்தில்தான் "குறியீடு" என்று ஒரே ஒரு புலத்தை வைத்துவிட்டு, அது எந்த வகைப்பாட்டின் குறியீடு என்று ஊகிக்க விட்டுவிடுகிறோம். 8 இலக்கம் என்றால் யுஎன்எஸ்பிஎஸ்சி-யா, சரிபார்ப்பு இலக்கத்தை இழந்த சிபிவி-யா, ஒரு நாட்டின் சுங்க எண்ணா, ஈகிளாஸ் என்ற இன்னொரு வகைப்பாடா? ஈகிளாஸும் 8 இலக்கம், நான்கு நிலைதான். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இலக்கம் என்றதும் எக்செல் ஞாபகம் வருகிறது. எச்எஸ்-ல் வறுத்த காபிக்கு (காஃபின் நீக்காதது) 0901.21. புள்ளியை எடுத்துவிட்டு 090121 என்று எக்செல்லில் ஒட்டினால் அது எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கி 90121 ஆக்கிவிடும். அடுத்து வருபவர் ஐந்து இலக்கம்தானே இருக்கிறது, ஆறு வேண்டுமே என்று பார்க்கிறார். மேல்நிலைக் குறியீடுகளின் வலது பக்கத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் யுஎன்எஸ்பிஎஸ்சி பழக்கத்தில் வலது பக்கம் ஒரு பூஜ்யம் சேர்க்கிறார். 901210. இது செல்லுபடியாகும் எச்எஸ் எண்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் வருகிற எண். எந்தச் சரிபார்ப்பும் பிடிக்காது, ஏனென்றால் பட்டியலில் உள்ள எண்தானே. சிபிவி-யிலும் வேளாண் பொருட்களின் பிரிவு 03 என்று தொடங்குகிறது, அங்கேயும் இதே ஆபத்து. அங்கே சரிபார்ப்பு இலக்கம் கொஞ்சம் காப்பாற்றும், யாரும் அதை வெட்டிவிடாமல் இருந்தால். குறியீடு என்பது எண் அல்ல, உரை. தரவுத்தளத்தில் அந்தப் புலம் உரையாக இல்லை என்றால் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை.

நிறுவனங்களின் சொந்தக் குறியீடுகள் இதைவிடக் கஷ்டம். எச்எஸ், சிபிவி போன்றவற்றுக்கு விதிப்புத்தகமாவது இருக்கிறது. பழைய இஆர்பி-யில், அதாவது நிறுவன நிர்வாக மென்பொருளில், உள்ள பொருள் குழுக்களுக்கு அதுவும் இல்லை. சில குழுக்கள் பொருளை வைத்து, சில கணக்குத் தலைப்பை வைத்து, சில எந்தத் துறை வாங்குகிறது என்பதை வைத்து. அப்புறம் "இதர" என்று ஒரு குழு கட்டாயம் இருக்கும், அதன் கீழ் குவிந்திருக்கும் செலவைப் பார்த்தால் தலை சுற்றும். "இதர" என்ற குறியீட்டை எந்தத் தரத்துக்கும் மேப் செய்ய முடியாது, அதற்குள் இருக்கும் பொருட்களைத்தான் முடியும். அதனால் நான் எந்தத் திட்டத்திலும் முதலில் செய்வது, ஒவ்வொரு பழைய குறியீட்டின் கீழும் உண்மையில் என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்று வரி வரியாக இழுத்துப் பார்ப்பது. எல்லா வரிகளும் ஒரே இலக்குக் குறியீட்டுக்குப் போனால் குறியீட்டு அளவில் விதி எழுதலாம். சிதறினால் அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளாகத் தனியே வகைப்படுத்த வேண்டியதுதான். நேரம் எடுக்கும். எல்லாவற்றையும் செய்யவும் வேண்டாம். செலவு அதிகமுள்ள பொருட்களில் தொடங்கி, எங்கே தீர்ப்பு மாறினால் அறிக்கை மாறுமோ அதுவரை போனால் போதும். மீதியைக் கிளாஸ் அளவில் நிறுத்தலாம். பேனாவா பென்சிலா தெரியவில்லை என்றால் 44121700, எழுதுகருவிகள், அத்தோடு சரி. ஊகித்து 44121706 மரப் பென்சில் என்று போடுவதைவிட அது நேர்மையானது.

காலியாக விடுவதிலும் மூன்று வகை இருக்கிறது. இன்னும் பார்க்கவில்லை, பார்த்தோம் ஆனால் முடிவாகவில்லை, பார்த்தோம் எதிர்ப்பக்கத்தில் இணையே கிடையாது. எச்எஸ் சரக்குகளுக்கு மட்டுமானது. அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் சேவைக்கு யுஎன்எஸ்பிஎஸ்சி-யில் 76111500 உண்டு, சிபிவி-யில் 90910000-9 உண்டு, எச்எஸ்-ல் எதுவும் இல்லை, இருக்கவும் போவதில்லை. இந்த மூன்று வகைக் காலியையும் ஒரே வெற்றுப் புலமாக வைத்தால், முடிந்துபோன வேலையை ஒவ்வொரு காலாண்டும் புதிதாக யாரோ ஒருவர் தொடங்குவார்.

எல்லாம் ஒழுங்காக மேப் ஆன பிறகும் அறிக்கை ஏமாற்றும். யுஎன்எஸ்பிஎஸ்சி-யில் லேசர் பிரின்டர் 43212105. செக்மென்ட் 43, தகவல் தொழில்நுட்பம். அதில் போடும் டோனர் 44103103. செக்மென்ட் 44, அலுவலக உபகரணங்கள். மேப்பிங்கில் பிழையே இல்லை. ஆனால் "அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகிறது?" என்று நிதித்துறை கேட்டால், செக்மென்ட் வாரியான அறிக்கை அதை இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கங்களில் வைக்கும். பொதுத் தரத்தின் படிநிலை மரத்தையே அறிக்கையின் மரமாகவும் பயன்படுத்துவதால் வரும் வினை இது. பொருளுக்குப் பொதுக் குறியீடு இருக்கட்டும். அந்தக் குறியீடுகளை நம் தேவைக்கேற்ப சேர்த்துப் பார்க்கும் குழுக்கள் தனியே, நம் கையில் இருக்கட்டும். இரண்டையும் குழப்பினால், அறிக்கை அழகாக வரவேண்டும் என்பதற்காக டோனரை 43-க்குள் திணிக்கும் ஆட்கள் வருவார்கள். அன்றோடு தரம் தரமாக இருப்பதை நிறுத்திவிடும்.

சிபிவி விஷயத்தில் தீர்ப்பு தவறினால் விளைவு இன்னும் நேரடியானது. விற்பனையாளர்கள் தங்கள் குறியீடுகளைக் கொடுத்துவைத்து டெண்டர் அறிவிப்புகளைப் பெறுகிறார்கள். தவறான குறியீட்டில் வெளியான டெண்டர் சரியான ஆள் கண்ணில் படாது. சட்டமும் அதில் தொங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ம் ஆண்டு கொள்முதல் விதிகளில், சமூக சேவைகளும் குறிப்பிட்ட வேறு சில சேவைகளும் எளிமையான நடைமுறைக்குள் வருகின்றன, அவற்றுக்கான வரம்பு 750000 யூரோ. எந்தச் சேவைகள் என்று அந்தப் பட்டியல் சொல்வதே சிபிவி எண்களை வைத்துத்தான். இவ்வளவு பாரம் சுமக்கும் வகைப்பாட்டின் இப்போதைய பதிப்போ 2008 செப்டம்பர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. சந்தாவாக வாங்கும் மென்பொருளை 48-ல் மென்பொருள் தொகுப்பாகப் போடுவதா, 72-ல் தகவல் தொழில்நுட்பச் சேவையாகப் போடுவதா என்று இன்றும் இரண்டு நல்ல கொள்முதல் அதிகாரிகள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும்.

இந்த மாதிரி இழுபறிக்கு எச்எஸ்-ல் இருக்கும் ஏற்பாட்டை நான் ரசிப்பதுண்டு. பொது விளக்க விதிகள் ஆறு. பல பொருட்கள் சேர்ந்த தொகுப்பு என்றால் அதற்கு அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்று பார்க்கச் சொல்கிறது விதி 3(ஆ). அதுவும் தேறவில்லை என்றால் 3(இ): சமமாகப் பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதைப் போடு, வேலையைப் பார். எவ்வளவு வறட்டுத்தனமான விதி, ஆனால் யார் செய்தாலும் ஒரே விடை வரும். கொள்முதல் பக்கத்தில் நமக்கும் இப்படி ஒரு கடைசி விதி வேண்டும். எது என்பதைவிட, எல்லாரும் அதையே பின்பற்றுகிறார்கள் என்பது முக்கியம்.

இப்போது எல்லாரும் கேட்பது, இதை ஏஐ செய்துவிடாதா என்று. பரிந்துரை செய்யும், அதில் சந்தேகமில்லை. சுருக்கெழுத்தாக எழுதிய பொருள் விவரங்களைப் படிப்பதில் பழைய சொல் பொருத்தும் முறைகளைவிட நன்றாகவே இருக்கிறது. "மானிட்டர்" என்பது கணினித் திரையா நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவியா என்பதை, வாங்கிய துறையையும் விற்றவரையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். கொடுக்காவிட்டாலும் தயங்காமல் ஏதோ ஒன்றைச் சொல்லும், அதுதான் தொந்தரவு. பட்டியலில் இல்லாத எட்டு இலக்கத்தையும் அதே உறுதியோடு தரும். ஆகவே வெளியே வரும் எண்ணை முதலில் அந்தந்தப் பதிப்பின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததைத் தட்டிவிட வேண்டும். தேறியதைப் பரிந்துரை என்ற நிலையிலேயே சேமித்து, பொருளைத் தெரிந்த ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகே தீர்ப்பு என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். அவர் மறுத்தால், எதை மறுத்தார் என்பதையும் வைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அதே பரிந்துரை மறுபடி வந்து நிற்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

எச்எஸ்-ன் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. பழைய ஆணைகளின் குறியீடுகளை அன்றைக்குப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுதிவிடலாமா என்ற கேள்வி அதற்கு முன்பே எழும். அறிக்கைகள் தொடர்ச்சியாக வரவேண்டும் என்பவர்கள் மாற்றச் சொல்வார்கள். நான் மாட்டேன் என்பேன். 2024-ல் போட்ட ஆணை 2022 பதிப்பின் குறியீட்டோடு அப்படியே கிடக்கட்டும், சுங்க ஆவணத்திலும் அதுதானே இருக்கிறது. புதிய பதிப்பில் அது எங்கே போகும் என்பதை மேப்பிங் அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு தனி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அறிக்கை எடுப்பவர் எந்தப் பதிப்பின் கண்ணால் பார்க்கிறார் என்பதைத் திரையில் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.